பாறையில் வரைந்த கோடு

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் மெம்ஃப்ரமேகாக் என்றோர் ஏரி உள்ளது. அதன் கரையில் இருந்த தமது பண்ணையில், பாறை ஒன்றின்மீது மருத்துவர் ஒருவர் வண்ணத்தால் ஒரு படம் தீட்டியிருந்தார். ஒரு பக்கத்தில் ஆவி என்று பொருள்படும் கிரேக்கச் சொல். மறு பக்கத்தில் மனிதத் தலையின் உருவம்; அதனுள் மூளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. இரண்டையும் இணைத்து இடைவெளியே இல்லாத ஒரு கோடு. மனம், ஆவி என்று நாம் சொல்வதெல்லாம் மூளையின் செயலே, ஆராய்ச்சி வளர வளர மூளையே மனத்தையும் விளக்கிவிடும் என்ற நம்பிக்கையின் அடையாளம் அது.

அந்த மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு. விழித்திருக்கும் மனிதனின் திறந்த மூளையை அவரைப்போல் நெடுங்காலம் உற்று நோக்கியவர்கள் மருத்துவ வரலாற்றில் மிகச் சிலரே. நான் இருக்கிறேன், நான் அறிகிறேன் என்ற உணர்வு மூளையில் உண்டாகிறதா, அல்லது மூளை அதற்கு ஒரு கருவி மட்டும்தானா? இக்கேள்வியை அவர் கையில் மின்முனையோடு சந்தித்தார். ஆகவே அவரது வாழ்க்கை நம் சிந்தனைக்கு உரியது.

தாயின் கனவு

1891 ஜனவரி 26-ஆம் நாள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போக்கேன் நகரில் பென்ஃபீல்டு பிறந்தார். தந்தை மருத்துவர், ஆனால் அவரது மருத்துவத் தொழில் நலிந்தது. வைல்டருக்கு 8 வயதானபோது தாய் ஜீன் குழந்தைகளை அழைத்துக்கொண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் ஹட்சன் என்ற சிற்றூரில் இருந்த தம் பெற்றோர் இல்லத்திற்குத் திரும்பினார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயில உதவும் ரோட்ஸ் உதவித்தொகையைப் பற்றித் தாய் கேள்விப்பட்டபோது மகனுக்கு வயது 13. அறிவும் உடல்திறனும் நற்பண்பும் ஒருங்கே அமைந்தவருக்கே அது கிடைக்கும். மகனை அதற்குத் தகுதியாக்குவதே தம் கடமை என்று அந்தத் தாய் உறுதி பூண்டார்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது வைல்டர் நல்ல மாணவராகவும் கால்பந்தாட்ட வீரராகவும் விளங்கினார். 1913-இல் பட்டம் பெற்ற பின், தாய் விரும்பியவாறே உதவித்தொகை கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரியில் சேர்ந்தார். தாய்க்குத் தவறாமல் கடிதம் எழுதுவது அவரது வழக்கம். தாய் அக்கடிதங்களைப் போற்றிப் பாதுகாத்தார். பிற்காலத்தில் தமது தன்வரலாற்றை எழுத அவையே அவருக்கு ஆதாரமாயின.

ஆசானின் ஐயம்

ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்கு இரண்டு பெரியோர்கள் கிடைத்தனர். ஒருவர் வில்லியம் ஆஸ்லர். நோயாளியின் படுக்கையருகே நின்று மருத்துவம் கற்பித்த மேதை. மற்றவர் சார்லஸ் ஷெரிங்டன். நரம்புகளும் தண்டுவடமும் இயங்கும் முறையைத் துல்லியமாக ஆராய்ந்து, 1932-இல் நோபல் பரிசு பெற்றவர்.

அப்போது முதல் உலகப்போர் மூண்டிருந்தது. 1916 மார்ச் 24-ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து கொண்டிருந்த சஸ்ஸெக்ஸ் என்ற பயணக் கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டது. அதில் பயணம் செய்த பென்ஃபீல்டுக்குக் காலில் பலத்த காயம். ஆஸ்லர் அவரைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்து உடல் தேற உதவினார். மரணத்தின் வாயிலிலிருந்து மீண்ட வாழ்வு ஏதோ ஒரு பணிக்காகவே அளிக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

ஷெரிங்டனிடம் அவர் கற்றது நரம்பியல் மட்டுமன்று. அனிச்சைச் செயல்களை ஓர் இயந்திரத்தின் அசைவுகளைப்போல் விளக்கிக் காட்டிய அந்த ஆசான், மனத்தையும் அவ்வாறு விளக்கிவிட்டதாக ஒருபோதும் கூறவில்லை. மனிதன் இரு வேறு தத்துவங்களால் ஆனவன் என்று கொள்வது, ஒரே தத்துவத்தால் ஆனவன் என்று கொள்வதைவிட அறிவுக்கு ஒவ்வாதது அன்று என்றே 1947-இல், தம் முதுமையில், ஷெரிங்டன் எழுதினார். மாணவர் அப்போது அந்த ஐயத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை. மூளையை முழுவதும் அறிந்தால் மனமும் விளங்கிவிடும் என்ற நம்பிக்கையோடுதான் அவர் அறுவை சிகிச்சைக் கத்தியை எடுத்தார்.

1918-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1924-இல் ஸ்பெயின் சென்று மூளைத் திசுக்களுக்குச் சாயமேற்றி ஆராயும் கலையைப் பயின்றார். 1928-இல் ஜெர்மனியின் பிரெஸ்லா நகரில் ஒட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர் என்ற மருத்துவரிடம், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் அறுவை செய்யும் முறையைக் கற்றார். அதே ஆண்டில் கனடாவின் மாண்ட்ரீல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவமனையில் பொறுப்பேற்றார்.

தமக்கையின் துயரம்

மாண்ட்ரீல் வந்த சில மாதங்களிலேயே பெருஞ்சோதனை ஒன்று காத்திருந்தது. அவருடைய தமக்கை ரூத் நெடுங்காலமாகத் தலைவலியாலும் வலிப்பாலும் துன்புற்று வந்தார். நெற்றிக்குப் பின்னால், மூளையின் வலது முன்பகுதியில் பெரிய கட்டி வளர்ந்திருப்பது தெரிந்தது. உறவினருக்குத் தாமே அறுவை செய்வதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். ஆயினும் வேறு வழி காணாத பென்ஃபீல்டு 1928 டிசம்பரில் தாமே அந்த அறுவை சிகிச்சையைச் செய்தார். கட்டியை முடிந்த மட்டும் அகற்றும் பொருட்டு மூளையின் வலது முன்பகுதியில் பெரும்பங்கை வெட்டியெடுக்க நேர்ந்தது. அப்போதும் முழுவதையும் அகற்ற இயலவில்லை.

ரூத் பிழைத்தார். இல்லம் திரும்பினார். அதே அன்பு, அதே பேச்சு, அதே நினைவாற்றல். இவரிடம் என்ன குறைந்தது என்று கேட்டால் விடை சொல்வது கடினமாயிருந்தது. சுமார் 15 மாதங்களுக்குப் பின் ஒருநாள் தம்பிக்கு விருந்து சமைக்க ரூத் ஆசைப்பட்டார். குடும்பத்தினர் நால்வர், விருந்தினர் ஒருவர், அவ்வளவுதான். உண்ணும் வேளை வந்தபோது, வேண்டிய பொருள்கள் அனைத்தும் சமையலறையில் இருந்தன. ஓரிரண்டு பண்டங்கள் அடுப்பில் இருந்தன. மற்றவை தொடங்கப்படவே இல்லை. எதை முன்னே செய்வது, எதைப் பின்னே செய்வது என்று முடிவு செய்ய இயலாமல், நீண்ட நேரம் தனியே முயன்று களைத்து, கலங்கி நின்றார் தமக்கை. சகோதரரின் கண்களும் மருத்துவரின் கண்களும் ஒன்றாக அக்காட்சியைக் கண்டன.

திட்டமிடும் ஆற்றல் போயிற்று. ஆனால் அது போனதை அறிந்து வருந்தும் உணர்வு போகவில்லை. ரூத் 1931-இல் மறைந்தார். தமக்கையிடம் கண்டவற்றையும் வேறு நோயாளிகளிடம் கண்டவற்றையும் சேர்த்து 1935-இல் பென்ஃபீல்டு ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். நரம்பு மருத்துவமும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின்கீழ் நடைபெற வேண்டும் என்ற அவரது கனவுக்கு இத்துயரம் மேலும் வலுவூட்டியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 12 லட்சம் டாலருக்கும் மேல் வழங்க, 1934-இல் மாண்ட்ரீல் நரம்பியல் நிலையம் திறக்கப்பட்டது.

விழித்திருந்த நோயாளிகள்

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயே பென்ஃபீல்டின் முதன்மையான போர்க்களம். வலிப்பு தெய்வத்தின் சாபம் அன்று, மூளையின் நோயே என்று ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல் ஒன்று கூறியது. பென்ஃபீல்டு அம்மரபைப் பெரிதும் போற்றினார். மூளையில் வலிப்பு எழும் இடத்தைக் கண்டறிந்து அகற்றினால் நோய் தீரும். ஆனால் பேச்சுக்கோ அசைவுக்கோ உரிய பகுதியைத் தவறுதலாக வெட்டிவிட்டால் நோயாளி ஊமையாவார் அல்லது முடமாவார்.

மூளைக்கு வலி தெரியாது. ஆகவே தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து மண்டையோட்டைத் திறந்தார்கள். நோயாளி விழித்தபடி பேசிக்கொண்டிருந்தார். பென்ஃபீல்டு மெல்லிய மின்சாரம் பாயும் முனையால் மூளையின் மேற்பரப்பை ஒவ்வோர் இடமாகத் தொட்டார். ஓரிடத்தைத் தொட்டால் கட்டைவிரல் அசைந்தது. இன்னோர் இடத்தைத் தொட்டால் நாக்கில் கூச்சம் தோன்றியது. விடை கிடைத்த ஒவ்வோர் இடத்திலும் எண் எழுதிய சிறு சீட்டு வைக்கப்பட்டது. உடலின் எந்த உறுப்புக்கு மூளையில் எந்த இடம் என்று இன்று மருத்துவ மாணவர்கள் பயிலும் வரைபடம் இவ்வாறு உருவானதே.

கன்னப்பொறிக்கு உட்புறமாக அமைந்த மூளைப் பகுதியைத் தொட்டபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஒரு பெண்மணிக்கு வாத்திய இசை கேட்டது. மின்முனையை எடுத்ததும் நின்றது. மீண்டும் தொட்டதும் அதே பாடல் மீண்டும் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர், தம் நாட்டிலுள்ள உறவினரோடு சிரித்து மகிழ்வதை உணர்ந்தார். அதே நேரத்தில் தாம் மாண்ட்ரீலில் அறுவை மேசையில் படுத்திருப்பதையும் தெளிவாக அறிந்திருந்தார்.

1963-இல் வெளியிட்ட அறிக்கையில் பென்ஃபீல்டு கணக்கைத் தந்தார். அறுவை செய்யப்பட்ட 1132 நோயாளிகளுள் 520 பேருக்கு இப்பகுதி ஆராயப்பட்டது. அவர்களுள் 40 பேரிடமே இத்தகைய அனுபவங்கள் எழுந்தன.

மின்முனை எட்டாத இடம்

கையை அசைக்கும் இடத்தை மின்முனை தொட்டால் கை அசையும். அதைப் பற்றி நோயாளியிடம் கேட்டால், தாம் அசைக்கவில்லை, மருத்துவரே அசைத்தார் என்பார். குரல் எழுந்தாலும் அப்படியே. அதைத் தம்மிடமிருந்து மருத்துவர் வலிந்து பெற்றதாகவே கூறுவார். அசைவும் குரலும் காட்சியும் நினைவும் மின்சாரத்துக்குப் பணிந்தன. ஆனால் நோயாளியை ஒரு முடிவெடுக்கச் செய்த இடத்தையோ, ஒன்றை நம்பச் செய்த இடத்தையோ பென்ஃபீல்டு காணவில்லை.

மற்றொரு நோயாளியின் பேச்சுப் பகுதியில் மின்முனையை வைத்தபடி, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லுமாறு கேட்டனர். பட்டாம்பூச்சியின் படம் வந்தபோது அவர் திகைத்தார், பெயர் வரவில்லை. எரிச்சலோடு விரல்களைச் சொடுக்கினார். மின்முனையை எடுத்ததும் பட்டாம்பூச்சி என்றார். அந்தப் பெயர் கிடைக்காததால், அந்துப்பூச்சி என்ற பெயரையாவது சொல்ல முயன்றதாகவும் அதுவும் கிடைக்கவில்லை என்றும் விளக்கினார். பேச்சுக்குரிய கருவி முடங்கியிருந்தபோதும், படத்தைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, அது கிட்டாமல் இன்னொன்றை நாடிய ஒருவர் உள்ளே இருந்தார். இந்நிகழ்ச்சி பென்ஃபீல்டின் சிந்தனையில் ஆழப் பதிந்தது.

மறுபுறமும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. மூளையின் மேற்பரப்பில் பெரும்பகுதிகளை அகற்றினாலும் விழிப்பு நிலை கெடுவதில்லை. ஆனால் மூளைத்தண்டின் மேற்பகுதியில் சிறு பழுது நேர்ந்தாலும் மனிதன் நினைவிழந்து விடுகிறான். ஒருவகை வலிப்பில் நோயாளி நடந்துகொண்டே இருப்பார்; வழக்கமான செயலைச் செய்துகொண்டே இருப்பார்; ஆனால் பின்னர் அவருக்கு எதுவும் நினைவிராது. 1950-களின் தொடக்கத்தில் பென்ஃபீல்டு செய்த ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின், பொறியாளர் ஒருவர் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் ஆற்றலையே இழந்தார். அவரது அறிவுக்கூர்மை மட்டும் குன்றவில்லை. பென்ஃபீல்டு அதை மறைக்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னருடன் சேர்ந்து ஆராய்ந்து வெளியிட்டார். பிற்காலத்தில் வேறு மருத்துவமனைகளில் அதே தவறு நேராதிருக்க அது உதவியது.

நூலும் மறுப்பும்

1960-இல் நிலையத்தின் இயக்குநர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின் அவர் தமது வாழ்நாள் அனுபவத்தை ஒருங்கே எண்ணிப் பார்த்தார். 1975-இல், 84-ஆம் வயதில், மனத்தின் மர்மம் என்ற பொருள்படும் தலைப்பில் சிறு நூலொன்றை வெளியிட்டார். மூளை ஒரு கணிப்பொறி போன்றது. அதைப் பயன்படுத்துவது மனம். மூளையின் செயலைக்கொண்டு மட்டும் மனத்தை விளக்கிவிட முடியும் என்று தமக்குத் தோன்றவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. இதை நிரூபித்துவிட்டதாக அவர் கூறவில்லை. தம் கருத்துகளைச் சீர்தூக்கிப் பார்த்து எழுதுமாறு பிற அறிஞர்களைக் கேட்டு, அவர்கள் எழுதியவற்றையும் அதே நூலில் சேர்த்தார்.

இவ்விடத்தில் நாம் நேர்மையுடன் இருக்க வேண்டும். ஆன்மா உண்டு என்று மருத்துவமே நிரூபித்துவிட்டதற்குச் சான்றாகப் பென்ஃபீல்டின் பெயரைச் சொல்வோர் நம்மிடையே உண்டு. அது சரியன்று. அவர் எழுப்பிய நினைவுகள் உள்ளபடியே பதிவானவையா, கனவுபோல் புனையப்பட்டவையா என்று பிற்கால ஆய்வாளர்கள் ஐயுற்றனர். 2009-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 7 நோயாளிகளின் மூளையில் வேறொரு பகுதியைத் தொட்டபோது, கையையோ உதட்டையோ அசைக்க வேண்டும் என்ற விருப்பமே அவர்களிடம் எழுந்தது. மின்சாரத்தைக் கூட்டியபோது, அசையாமலேயே அசைத்துவிட்டதாக நம்பினர். 2013-இல் அமெரிக்காவில் 2 நோயாளிகளிடம், வரவிருக்கும் இடரை எதிர்த்து நிற்கும் மன உறுதி இவ்வாறே எழுந்தது. மின்முனை எட்டாத இடம் என்று பென்ஃபீல்டு கருதியதன் எல்லைக்குள் மின்முனை நுழைந்துவிட்டது.

அப்படியானால் உணர்வு மூளையின் விளைவு என்பது நிறுவப்பட்டுவிட்டதா? அதுவும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1897-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக் காட்டினார். கொதிகெண்டி நீராவியை உண்டாக்குகிறது. வண்ணக் கண்ணாடியோ ஒளியை உண்டாக்குவதில்லை, தன் வழியே வரும் ஒளியை மாற்றித் தருகிறது. கண்ணாடி உடைந்தாலும் ஒளியின் தோற்றம் மாறும். ஆகவே மூளை பழுதுற்றால் அனுபவம் மாறுகிறது என்ற ஒன்றை மட்டும் கொண்டு, மூளை கெண்டியா கண்ணாடியா என்று முடிவு செய்ய இயலாது. ஒன்றைச் சார்ந்திருப்பது வேறு. அதிலிருந்து உண்டாவது வேறு.

வேதாந்தம் பயில்வோருக்கு இன்னொரு செய்தியும் இதில் உண்டு. பென்ஃபீல்டு மனம் என்று கூறியது நினைப்பது, தேர்ந்தெடுப்பது, முடிவெடுப்பது. நம் சாஸ்திரங்கள் இவற்றை மனம், புத்தி என்று அந்தக்கரணத்தில் சேர்க்கின்றன. அந்தக்கரணம் நுட்பமானதே எனினும் ஜடம், அறியப்படும் பொருள், அறிபவன் அன்று. ஆகவே தமக்கை ரூத்தின் திட்டமிடும் ஆற்றல் கத்தியால் குறைந்ததும், நோயாளிகளின் விருப்பம் மின்சாரத்தால் எழுந்ததும் வேதாந்தத்துக்கு அதிர்ச்சி தருபவை அல்ல. கருவி பழுதானால் அதன் செயல் கெடும். அந்தக் கேட்டையும் அறிந்துகொண்டிருக்கும் உணர்வு எது என்பதே வேதாந்தத்தின் கேள்வி. ஆயினும் நம் கொள்கைக்கு முரண்படாதவை என்பதாலேயே இவை நம் கொள்கைக்கு நிரூபணம் ஆகிவிடா. அந்த உணர்வைச் சாதகன் தன் உள்ளேயே தேட வேண்டும் என்பதே மரபு. பிறர் தலையில் செய்த அறுவையை அந்தத் தேடலுக்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

விட்டு விட்டு வரைந்த கோடு

பென்ஃபீல்டின் பேரர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அந்தப் பாறை மீண்டும் வருகிறது. மறைவதற்குச் சுமார் 6 மாதங்களுக்கு முன் ஒருநாள், முதியவர் குளிர்காற்றுக்கு அஞ்சி ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கம்பளிச் சட்டைகளை அணிந்துகொண்டு, வண்ணத்தையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு பாறையருகே சென்றார். ஆவிக்கும் மூளைக்கும் இடையே தாம் வரைந்திருந்த உறுதியான கோட்டை விட்டு விட்டுச் செல்லும் கோடாக மாற்றினார். அதன்மேல் ஒரு கேள்விக்குறியையும் இட்டார்.

அவர் கோட்டை அடியோடு அழிக்கவில்லை. மூளைக்கும் மனத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல அவரால் எவ்வாறு இயலும்? கலங்கி நின்ற தமக்கையைச் சமையலறையில் கண்டவர் அல்லவா அவர்! பழைய கோட்டை அப்படியே விட்டுவைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. பட்டாம்பூச்சியின் பெயரைத் தேடித் தவித்த நோயாளியையும் அவர் கண்டிருந்தார். தமக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று அளந்து வரைந்த கோடு அது.

1976 ஏப்ரல் 5-ஆம் நாள், 85-ஆம் வயதில், மாண்ட்ரீலில் பென்ஃபீல்டு காலமானார். அரை நூற்றாண்டு காலம் தாம் நம்பியதை எண்பது வயதுக்கு மேல் திருத்தி எழுதுவதற்குப் பணிவு வேண்டும். தமது புதிய நம்பிக்கையையும் முடிந்த முடிவாக்காமல், கேள்விக்குறியோடு அதை விட்டுச்செல்ல மேலும் பெரிய பணிவு வேண்டும். உண்மையைத் தேடுபவர், ஆய்வுக்கூடத்தில் இருந்தாலும் தியான அறையில் இருந்தாலும், அவருக்கு முதலில் வேண்டியது அந்தப் பணிவே.